கொய்யா இலை தேவைப்படாத காலம்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீடு. வரவேற்பு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பந்தலின் பின்புறம் தென்னைகளுக்கு நடுவே பெரியவர்கள் நான்கைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. என் அக்காள் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். மெல்ல அங்கே போனவன், ஒரு கண்ணாடித் தம்ளரைக் கையில் வாங்கினான். முகம் தெரியாமல், தம்ளரும் கைக்கடிகாரமும் பின்னால் சீரியல் விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் மட்டும் விழும்படி ஒரு படம் எடுத்தான். அது இன்ஸ்டாகிராமில் ஸ்டோரியாக ஏறியது.

அதோடு நின்றிருந்தால் வீட்டுக்குத் தெரிந்திருக்காது. அதே படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டான். அம்மாவுக்கும் எனக்கும் தெரியாதபடி விலக்கி வைத்த கெட்டிக்காரன், மஸ்கட்டில் வேலை பார்க்கும் அப்பாவை மறந்துவிட்டான். மறுநாள் காலை முதல் தோசை வேகும் முன்பே போன் வந்துவிட்டது.

அன்று மாலை வீட்டில் பஞ்சாயத்து. எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்த குற்றவாளி செல்போன். அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது ஏகமனதான தீர்ப்பு. தம்ளரை எடுத்துக் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொடுத்தவர் என் பெரியப்பா மகன்; பையனுக்கு அவரும் ஒரு மாமாதான்.

குடித்தாயா என்று தனியாகக் கேட்டேன். இல்லை என்றான். எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால் படத்தில் தம்ளர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. மாமாவும் அதைத் திருப்பி வாங்கிக் குடித்ததாகவே சொல்கிறார். பிறகு ஏன் எடுத்தாய் என்றேன். "குடிப்பதற்காக எடுக்கவில்லை மாமா, போடுவதற்காகத்தான் எடுத்தேன்" என்றான். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளும் முயற்சி.

எங்கள் தலைமுறையும் யோக்கியர்கள் கூட்டம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ரப்பர் தோட்டம். காலையிலேயே பால் வெட்டு முடிந்து ஆள் போய்விடும். அந்த நிழலில் ஒரு பீடியை நான்கு பேர் மாற்றி மாற்றி இழுத்துவிட்டு, வாய்க்காலில் வாய் கொப்பளித்து, கொய்யா இலையை மென்றுகொண்டே வீட்டுக்கு வருவோம். கொய்யா இலை ஒரு முழு ஏற்பாடு. வாசனையை அடக்கும், பல்லில் கறை தெரியாது, யாராவது கேட்டால் பல்வலி என்று சொல்லலாம். அம்மாக்களுக்கு இது தெரியாமல் இல்லை. பையன் திடீரென்று கொய்யா இலை தின்ன ஆரம்பித்தால் அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள்.

சிகரெட் வாங்குவது அதைவிடப் பெரிய பாடு. எங்கள் பக்கத்தில் பெட்டிக்கடையை முறுக்கான் கடை என்போம். அந்தக் கடைக்காரருக்கு நான் யார் மகன், என் தாத்தா எந்த வெற்றிலை போடுவார், அப்பாவின் கடன் பாக்கி எவ்வளவு, எல்லாம் தெரியும். "யாருக்கு மக்களே?" என்ற ஒரு கேள்வி போதும், கால் தானாகத் திரும்பி நடந்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மாநிலச் சராசரி 555. இரண்டு மடங்கு மனிதர்கள், இரண்டு மடங்குக் கண்கள். அந்தக் கண்காணிப்பை நான் கொண்டாடவில்லை. அதே கண்கள்தான் எந்தப் பெண் எந்தப் பையனிடம் பேசினாள் என்றும் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் புகைப்பது என்றால் முதலில் ஒளிய வேண்டும் என்ற நிலையை அவை உண்டாக்கியிருந்தன. ஒளிவது சிரமம் என்பதால் பலர் பாதியில் விட்டார்கள்.

இன்று நடப்பது நேர் தலைகீழ். செய்துவிட்டு மறைத்த காரியம், காட்டுவதற்காகவே செய்யப்படுகிறது. யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்பதையும் செயலியே வகை பிரித்துக் கொடுக்கிறது. இன்ஸ்டாகிராமில் நெருங்கிய நண்பர்கள் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதில் போடுவது அந்தப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். ஊரின் கண்களை முழுவதுமாக வெளியே நிறுத்திவிட்டு, சம வயதுக் கண்களை மட்டும் உள்ளே விடும் கதவு அது.

ஆய்வுகள் சொல்வது

இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாவின் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு படித்த 1,563 பேரிடம் 2010 அக்டோபரில் ஒரு முறை, 2011 ஏப்ரலில் மறுமுறை கேள்விகள் கேட்கப்பட்டன. உன் நெருங்கிய நண்பர்கள் யார், அவர்களில் யார் புகைக்கிறார்கள், யார் குடிக்கிறார்கள், விருந்திலும் குடியிலும் எடுத்த படங்களை இணையத்தில் போடுகிறவர்கள் யார் என்று கேட்டார்கள். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் வலென்ட் உள்ளிட்ட குழு 2014-இல் முடிவுகளை வெளியிட்டது.

எவ்வளவு நேரம் சமூக வலைத்தளத்தில் இருந்தார்கள் என்பதற்கும் புகை, குடிக்கும் தொடர்பு தென்படவில்லை. இணையத்தில் எத்தனை நண்பர்கள் என்பதற்கும் தொடர்பில்லை. நண்பர்கள் போட்ட அந்தப் படங்களைப் பார்த்ததற்குத்தான் தொடர்பு இருந்தது. இன்னொரு முடிவு இதைவிட முக்கியம். நெருங்கிய நண்பர்களில் குடிப்பவர் யாரும் இல்லாத பிள்ளைகளைத்தான் அந்தப் படங்கள் அதிகம் பாதித்தன. குடிக்கும் கூட்டத்தில் ஏற்கெனவே இருப்பவனுக்குப் படம் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. வீட்டிலும் நட்பிலும் அந்த வாசனையே படாத பையனுக்குத்தான், 'எல்லோரும் செய்கிறார்கள் போலிருக்கிறது, நான் மட்டும்தான் பாக்கி' என்ற எண்ணம் படத்தின் வழியே வருகிறது. நல்ல பையன், நல்ல சேர்க்கை, பயப்பட ஒன்றுமில்லை என்று நாம் நிம்மதியாக இருக்கும் இடத்தில்தான் ஓட்டை.

இரண்டு ஆண்டு கழித்து கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் லாரன் ஷெர்மன் குழு வேறு கோணத்தில் பார்த்தது. 13 முதல் 18 வயது வரையுள்ள 32 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற திரையில் படங்களைக் காட்டினார்கள். லைக் எண்ணிக்கையை ஆய்வாளர்களே இஷ்டத்துக்கு வைத்திருந்தார்கள். அதிக லைக் உள்ள படத்துக்கே பிள்ளைகளும் லைக் போட்டார்கள்; படத்தில் என்ன இருந்தது என்பது இரண்டாம் பட்சம். சிகரெட், மது போன்ற ஆபத்தான படங்களைப் பார்த்தபோது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. 32 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் எழுத முடியாது. ஆனால் என் மருமகன் அன்று இரவு பதினொன்றரை மணி வரை போனைத் திறந்து திறந்து எண்ணிக்கை பார்த்தது எதற்காக என்பதற்கு அதில் ஒரு விடை இருக்கிறது.

மூன்றாவது, பிரிட்டனில் 2015 முதல் 2021 வரை 10 முதல் 25 வயதுக்குள் உள்ள 10,808 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. 2024-இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளியானது. சமூக வலைத்தளமே பயன்படுத்தாதவர்களில் 2 சதவீதம் பேர் புகைத்தார்கள். ஒரு நாளைக்கு 7 மணி நேரத்துக்கு மேல் அதில் இருப்பவர்களில் கிட்டத்தட்ட 16 சதவீதம். மின் சிகரெட் 0.8 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு அருகே போனது.

முதல் ஆய்வில் நேரத்துக்குத் தொடர்பில்லை. இதிலோ நேரமே அளவுகோலாக இருக்கிறது. முரண் போலத் தெரிகிறது. என் கணிப்பைச் சொல்கிறேன், இது ஆய்வாளர்கள் சொன்னதல்ல. 2010-இல் சமூக வலைத்தளம் என்றால் நண்பன் போட்டதைப் பார்ப்பது. நண்பன் போடாவிட்டால் பார்க்க ஒன்றும் இல்லை. இப்போது திரையில் ஓடுவதில் பெரும்பகுதி முன்பின் தெரியாதவர்கள் போட்டது; செயலி தேர்ந்தெடுத்து ஊற்றிக்கொண்டே இருக்கிறது. அதிக நேரம் நின்றால் அதிகம் நனைவான்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஏழு மணி நேரம் போனில் கிடக்கிற பிள்ளைக்கு அதற்கு முன்பே ஏதோ ஒரு துன்பம் இருக்கலாம். அந்தத் துன்பமே சிகரெட்டுக்கும் காரணமாக இருக்கலாம். இரண்டும் ஒன்றாக வருகின்றன என்பதால் ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று ஆகிவிடாது.

போன் வந்த காலத்தில் பீடி குறைந்தது

குடும்பப் பஞ்சாயத்தில் சொல்லியிருந்தால் என்னை அடித்திருப்பார்கள், ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். செல்போன் பரவிய காலத்தில் பிள்ளைகளிடம் புகையிலைப் பழக்கம் மொத்தத்தில் குறைந்திருக்கிறது. 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் இந்திய அரசு எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 2009-இல் 14.6 சதவீதமாக இருந்தது 2019-இல் 8.5 சதவீதமாகிவிட்டது. அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் சிகரெட் புகைப்பவர்கள் 1997-இல் 36 சதவீதத்துக்கு மேல். இன்று ஒற்றை இலக்கம்.

அதே 2019 கணக்கெடுப்பு சங்கடமான இன்னொன்றையும் சொல்கிறது. சிகரெட் பிடித்த பிள்ளைகளில் 38 சதவீதம், பீடி பிடித்தவர்களில் 47 சதவீதம், மெல்லும் புகையிலை போட்டவர்களில் 52 சதவீதம் பேர் பத்து வயது நிறையும் முன்பே முதல் முறை தொட்டிருக்கிறார்கள். பத்து வயதுக் குழந்தைக்கு அதைக் காட்டிக் கொடுத்தது இன்ஸ்டாகிராம் அல்ல. தாத்தாவின் வெற்றிலைத் தட்டமும், அப்பாவுக்குப் பீடி வாங்கப் போன கடையும், கல்யாண வீட்டின் பின்புறமும்தான். பெண் பிள்ளைகளுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று நினைப்பவர்களுக்கு: ஆண்களில் 9.6, பெண்களில் 7.4 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான்.

திரையில் தெரியாத போதை ஒன்றும் உண்டு. பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டால் மின் சிகரெட்டுக்கு முன்பு கூல் லிப் என்றுதான் சொல்வார்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொள்ளும் சிறு புகையிலைப் பொதி. வகுப்பில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம். புகை இல்லை, மெல்லத் தேவையில்லை. பள்ளி மாணவர்களிடம் இது பரவுவதைப் பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் கவலையோடு கேள்வி எழுப்பியது. இதை யாரும் படமெடுத்து ஸ்டோரி போடுவதில்லை. உதடு வீங்கிய முகத்துக்கு யார் லைக் போடுவார்கள்? ஆகவே எல்லாப் பழியையும் போன் மேல் போட்டால் கூல் லிப் நமக்குக் கண்ணில் படாமல் போய்விடும்.

போன் எதைக் கூட்டுகிறது என்றால், படத்துக்கு அழகாக வருவதைக் கூட்டுகிறது. தம்ளர், நுரை, நெருப்பு, புகை. இவற்றிலும் புகையைப் படத்துக்காகவே வடிவமைத்தது போல ஒரு பொருள் வந்தது.

வாசனை போன சிகரெட்

மின் சிகரெட் என்பது மின்கலத்தால் சூடாகும் ஒரு கம்பிச்சுருள். அதன்மேல் திரவம் ஒன்று ஆவியாகிறது. கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், நிகோடின், வாசனைப் பொருள், இவைதான் அந்தத் திரவம். கிளிசரின் அடர்ந்த வெள்ளை ஆவியைத் தரும். வளையம் விடவும் வீடியோ எடுக்கவும் தோதானது. பழைய சிகரெட்டில் முதல் இழுப்பிலேயே தொண்டை எரிந்து இருமல் வரும். அந்த இருமல்தான் பல பிள்ளைகளை அதோடு நிறுத்தியது. நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கினால் எரிச்சல் குறைகிறது; அதிக நிகோடினும் சுலபமாக உள்ளே இறங்குகிறது. அமெரிக்காவில் 2015-இல் வந்த ஜூல் என்ற மின் சிகரெட் இந்த முறையில்தான் பரவியது. அதன் ஒரு சிறு குப்பியில் கிட்டத்தட்ட ஒரு பாக்கெட் சிகரெட் அளவு நிகோடின். பார்க்கப் பென் டிரைவ் மாதிரி இருக்கும். மாம்பழம், புதினா என்று சுவைகள். வீட்டுக்குள் இழுத்தாலும் அம்மாவுக்கு ஜூஸ் வாசனை போலத்தான் தெரியும்.

கொய்யா இலைக்கு வேலை போய்விட்டது.

ஜூல் கதையில் நமக்கு ஒரு பாடப்புத்தகமே இருக்கிறது. ஆரம்பத்தில் இளம் முகங்களை வைத்துச் சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்தார்கள். எதிர்ப்பு வந்ததும் 2018 இறுதியில் நிறுவனம் தன் இன்ஸ்டாகிராம் கணக்கை மூடியது. அதற்குள் வேலை முடிந்திருந்தது. பிள்ளைகளே படம் போட்டார்கள், பிள்ளைகளே பரப்பினார்கள். நிறுவனம் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. 2019-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் மின் சிகரெட் பிடித்தார்கள். 2022-இல் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்குச் சுமார் 43 கோடியே 85 லட்சம் டாலர் கொடுக்க அந்த நிறுவனம் சம்மதித்தது. 2024-இல் மாணவர் எண்ணிக்கை 7.8 சதவீதமாக இறங்கிவிட்டது. ஏறியது போலவே இறக்கவும் முடியும் என்பதை இதில் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இது மொத்தமாகத் தடை. தமிழ்நாடு 2018-லேயே தடுத்தது. 2019-இல் மத்தியச் சட்டம் வந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும். இணையத்தில் விற்பதும் விளம்பரம் செய்வதும் இதில் அடங்கும். காகிதத்தில் ஓட்டை இல்லாத சட்டம். ஆனால் வெளிநாட்டில் எவனோ ஒருவன் வளையம் விட்டுப் போட்ட வீடியோ இரணியலில் ஒரு பையனின் போனில் ஓடும்போது, யார் மேல் வழக்குப் போடுவது?

எல்லாத் தடைச் சட்டத்துக்கும் இதே கதிதான். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது; பள்ளிகளுக்கு வெளியே அதைக் காட்ட மஞ்சள் கோடும் போடச் சொல்லியிருக்கிறார்கள். போனுக்குள் மஞ்சள் கோடு கிடையாது. சினிமாவில் கதாநாயகன் சிகரெட் பற்ற வைத்தால் திரையின் கீழே எச்சரிக்கை ஓட வேண்டும் என்பது 2012 அக்டோபர் முதல் விதி. 2023 செப்டம்பரிலிருந்து ஓடிடி தளங்களுக்கும் வந்துவிட்டது. அந்த எழுத்தைத் திரையரங்கில் எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அதே காட்சியை ரசிகர் ஒருவர் பதினைந்து நொடிக்கு வெட்டி, நீளவாக்கில் நறுக்கி, இசை சேர்த்துப் போடும்போது, கீழே ஓடிய எச்சரிக்கை நறுக்கிலேயே போய்விடுகிறது. கதையில் அந்தக் கதாநாயகன் கடைசியில் இருமிச் செத்தானா என்பதும் போய்விடுகிறது. மிஞ்சுவது தீக்குச்சியும் புகையும் மெதுவான நடையும்.

மது விளம்பரமும் தொலைக்காட்சியில் கூடாது. அதனால்தான் சோடா, இசைத்தட்டு என்று வேறு வேடத்தில் வருகிறது. அந்த வேடம்கூட இப்போது அவர்களுக்குத் தேவையா என்று எனக்குச் சந்தேகம். தென்னைக்கு நடுவே என் மருமகன் எடுத்த படத்துக்கு எந்தக் கம்பெனியும் பைசா கொடுக்கவில்லை. ஆனால் ஒரு விளம்பரம் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அது செய்தது: வெளிச்சம் இருந்தது, கடிகாரம் இருந்தது, நம்பத் தகுந்த ஆளும் இருந்தான். அவனுடைய வகுப்பில் படிக்கும் இன்னொருவனுக்கு நடிகரைவிட இவன் நம்பத் தகுந்தவன்.

திண்ணையில் அரை மணி நேரம்

போனைப் பூட்டி வைத்த மூன்றாம் நாள், பாடத்துக்கு வேண்டும் என்று திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அது எப்போதுமே அப்படித்தான். அன்று மாலை திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ பார்ப்பதை நானும் பார்க்கிறேன் என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

முதலில் கால்பந்து. எங்கள் கடலோரத்தில் கால்பந்து பைத்தியம் பழையது. உலகக் கோப்பை வந்தால் தூத்தூர் பக்கம் கொடிகளைப் பார்த்தால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று சந்தேகம் வந்துவிடும். பிறகு உடற்பயிற்சிக் கூடம், பைக், ஒரு மீன் வெட்டும் வீடியோ. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நின்று யாரோ எடுத்த ரீல்ஸ். 115 அடி உயரத்தில் தண்ணீர் போவதற்காகக் கட்டிய பாலம், இப்போது நாயக நடை நடப்பதற்கு. முட்டம், சங்குத்துறை, திற்பரப்பு, எல்லாம் வந்தன. குமரி மாவட்டத்துக்காரனுக்கு மேடை தேடி அலைய வேண்டியதில்லை. கடல், மலை, அருவி மூன்றும் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கின்றன. அப்படியொரு கடற்கரைப் பாறையில் ஒருவன் அஸ்தமனத்தை நோக்கி உட்கார்ந்து, வெள்ளைப் புகையை வளையமாக விட்டான்.

மருமகனின் கட்டைவிரல் நின்றது. மூன்று நொடி இருக்கும். லைக் போடவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. நின்று பார்த்தான், பிறகு தள்ளினான், அவ்வளவுதான். ஆறு வீடியோ தாண்டவில்லை, இன்னொரு புகை வளையம் வந்தது. அதற்குப் பிறகு பார் போன்ற ஓர் அறையில் நிறம் நிறமாகத் திரவம் கலக்கும் ஒருவர். "நான் இதையெல்லாம் தேடவே இல்லை மாமா" என்றான். உண்மைதான், தேடவில்லை. விரல் நின்ற நேரத்தையும் செயலி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முறுக்கான் கடைக்காரர் "யாருக்கு மக்களே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். இவரோ, பையன் கடைப்பக்கம் ஒரு நொடி பார்த்தான் என்பதற்காக வீடு வரை பின்னாலேயே வந்து மேலும் நான்கு சரக்கைக் காட்டுகிற கடைக்காரர்.

அந்த அரை மணி நேரத்தில் நான் அறிவுரை ஏதும் சொல்லவில்லை என்று பெருமைப்பட முடியாது. இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் அவன் முகம் மூடிக்கொண்டது. பிறகு வேண்டாத வீடியோவை அழுத்திப் பிடித்து ஆர்வமில்லை என்று குறிக்கிற வசதியை அவனே எனக்குக் காட்டிக் கொடுத்தான். அதை அவன் தொடர்ந்து பயன்படுத்துகிறானா என்று நான் கேட்கவில்லை.

இந்த மாவட்டத்தில் இதற்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பார்க்க வேண்டிய அப்பா பல வீடுகளில் ஊரில் இல்லை. வளைகுடாவில் இருப்பார், அல்லது ஆழ்கடலில் தங்கல் தொழிலுக்குப் போய் வாரக் கணக்கில் கரைக்கு வராமல் இருப்பார். பையனுக்கு நல்ல போன் வாங்கி அனுப்புவதும் அவர்தான், அந்தப் போன் வழியே பிள்ளையைப் பார்ப்பதும் அவர்தான். அந்தப் போனைப் பிடுங்கினால் பையனுக்கும் அப்பாவுக்கும் இடையில் இருக்கும் ஒரே கயிறும் அறுந்துவிடும். எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் நாங்கள் என்று மேடையில் சொல்லிக்கொள்வோம், 2011-இல் 91.75 சதவீதம். வாசிக்கத் தெரிந்த அம்மாவுக்கும் இன்ஸ்டாகிராமில் நெருங்கிய நண்பர்கள் பட்டியல் என்று ஒன்று இருப்பது தெரியாது.

பதினாறு வயதுக்குக் கீழே சமூக வலைத்தளக் கணக்கே கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டம் போட்டு 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அங்கே என்ன ஆகிறது என்பது போகப் போகத் தெரியும். நம் வீடுகளில் பையனின் கணக்கில் பிறந்த ஆண்டு எது என்று பார்த்தால், பாதிப் பேர் கல்லூரியை முடித்தவர்களாக இருப்பார்கள். என் மருமகன் 1999-இல் பிறந்திருக்கிறான். அவனுடைய அம்மாவுக்குக் கல்யாணம் ஆனதே 2006-இல்.

வயதைப் பற்றி மது தொடர்பாக ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் வாழ்நாளில் என்றாவது மதுவுக்கு அடிமையானார்கள். இருபதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது வேண்டும், களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் 23. கடையில் கேட்கும் வயதைக் கல்யாண வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைக்கு அடியும் பூட்டும் உதவாது. புகையிலையை விட உதவும் தேசிய எண் 1800-11-2356. போதை மீட்புக்கு 14446. குழந்தைகள் உதவிக்கு 1098. மூன்றும் கட்டணமில்லாதவை. பையனே கூப்பிடலாம், தான் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அவனுக்கு இருக்கும் என்பதால், இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

தம்ளர் கொடுத்த மாமாவைப் பிறகு பார்த்தேன். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவைச் சொன்னேன்: பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும். முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு, "வீட்டுக்குள் நடப்பதற்கெல்லாமா?" என்றார். வீட்டுக்குள் நடந்ததை நானூறு பேர் பார்த்திருக்கிறார்கள் என்றேன். அது அவருக்கு உறைத்தது. சட்டம் உறைத்ததா என்று தெரியவில்லை.

போன மாதம் கருங்கல் ஊரில் இன்னொரு கல்யாணம். அதே பின்புறம், அதே நாற்காலிகள். மருமகன் அந்தப் பக்கம் போனை நீட்டிக்கொண்டு வருவதைக் கண்டதும் மாமா சட்டென்று தம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். அவன் ஒரு படம் எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனான். அவன் தலை மறைகிற வரை பார்த்திருந்துவிட்டு, மாமா குனிந்து தம்ளரை எடுத்தார்.